அருகிருப்போர் கடமை



நமது அறக்கட்டளையின் ஆண்டு மலரில் ஞாயிறு தேவார வகுப்பின் சார்பாக ஒரு பாடம் எழுதுவது அடியேனின் வழக்கம். திருமுறை, நோன்பு, திருவிழா என்று பல பொருள்களில் எழுதியிருக்கிறேன். இவ்வாண்டு குடும்பத்தைப் பற்றிய ஒரு பாடத்தை எழுத விழைகிறேன். கடுமையாக நோயுற்ற பிள்ளைக்கு எந்தச் சிகிச்சை, எவ்வளவு நாள், எப்போது போதும் என்பதில் தாயும் தந்தையும் மாறுபட்டு நின்றால் என்ன செய்வது? இதுவே பொருள். கேட்டறிந்தவற்றோடு, என் வீட்டில் நடந்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன். பிழை செய்தவனே பாடம் சொன்னால் கேட்பவர் மனத்தில் சற்று ஆழமாகப் பதியும் என்பது என் நம்பிக்கை.

வள்ளுவர் சொன்ன நால்வர்

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்து என்பது. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார். நோயாளி ஒன்று, மருத்துவர் ஒன்று, மருந்து ஒன்று. நான்காவதாக, அருகிலிருந்து பணிவிடை செய்பவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே அவர் வைத்திருப்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

உரையாசிரியர் பரிமேலழகர் இந்நான்கில் ஒவ்வொன்றுக்கும் நான்கு இயல்புகளை வகுத்துக் காட்டுகிறார். அருகிருப்பவருக்கு வேண்டியவை நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களில் தூய்மை, சொன்னதைச் சொன்னபடியே செய்யும் திறன், அறிவு ஆகியவை. நோயாளிக்குச் சொல்லப்பட்டவற்றுள் இரண்டை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தினால் வரும் துன்பத்தைப் பொறுத்துக்கொள்வது ஒன்று. தன் நோயின் நிலையை உள்ளபடி வெளியே சொல்வது மற்றொன்று. இந்த இரண்டாவதன் அருமை, என் மகன் அதைச் செய்யாமல் போன ஓர் இரவில்தான் எனக்குப் புரிந்தது.

எங்கள் வீட்டில் நடந்தது

1996-ஆம் ஆண்டு. நான் கம்போங் ராஜாவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக வேலை பார்த்தேன். என் துணைவியார் கொழுந்தெடுக்கும் பிரட்டில் இருந்தார். எங்கள் மூத்த மகனுக்கு அப்போது ஆறு வயது. அடிக்கடி காய்ச்சல், முகத்தில் வெளிறல், காலில் அடிபடாமலே நீலத் திட்டுகள். தானா ராத்தாவில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அங்கிருந்து ஈப்போவுக்கும், ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கும் அனுப்பினார்கள். இரத்தப் புற்றுநோய் என்று முடிவாயிற்று.

இன்று கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு நேரே இறங்கிவிடலாம். அன்று அந்தப் பாதை இல்லை. கோல திர்லா, திரிங்காப், பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் என்று மலை முழுவதையும் கடந்து தாப்பாவில் இறங்கவேண்டும். பஸ் தவறினால் காய்கறித் தோட்டத்துச் சீன நண்பர் ஒருவர் தம் லாரியில் இடம் கொடுப்பார். இரவெல்லாம் முட்டைக்கோஸ் கூடைகளுக்கு முன்னால் உட்கார்ந்து போவோம்.

பிள்ளையுடன் வார்டில் தங்கியவர் என் துணைவியார். நான் வேலையை விட முடியாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்வந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பிணக்கின் வேர் இங்கேதான் இருந்தது. டாக்டர் தினமும் சொன்னதைக் கேட்டவர் அவர். பக்கத்துக் கட்டிலில் என்ன நடந்தது என்று பார்த்தவரும் அவர். எனக்குக் கிடைத்ததோ தொலைபேசியில் இரண்டு நிமிடச் செய்தி. நாங்கள் இருவரும் ஒரே பிள்ளையைத்தான் பார்ப்பதாக எண்ணிக்கொண்டிருந்தோம். உண்மையில் அவர் பார்த்த பிள்ளை வேறு, நான் பார்த்த பிள்ளை வேறு.

முதல் ஐந்து வாரச் சிகிச்சை முடிந்ததும் இரத்தத்தில் நோயணுக்கள் தென்படவில்லை என்றார்கள். மகன் வீட்டுக்கு வந்தான். தலையில் முடி இல்லை. முகம் மட்டும் பூரித்திருந்தது. ஆனால் ஓடினான், விளையாடினான், பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டான். நான் நேர்ந்துகொண்டபடி முருகனுக்குப் பால்குடம் எடுத்தேன். என்னைப் பொறுத்தவரை பிள்ளை பிழைத்துவிட்டான்.

டாக்டரோ இன்னும் இரண்டு ஆண்டுகள் மருந்து தொடரவேண்டும் என்றார். என்னால் அதை ஏற்க இயலவில்லை. நோய்தான் போய்விட்டதே, இனி எதற்கு நஞ்சு? ஒவ்வொரு முறை மருந்து ஏற்றி வந்த பிறகும் வாந்தி எடுத்தான், வாய் புண்ணாயிற்று, காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வந்தபோதெல்லாம் நான், "பாத்தியா? நோயில்ல இது, மருந்து பண்ற வேலை" என்பேன். தாப்பாவில் ஒரு நாட்டு வைத்தியர் இருக்கிறார், அவரிடம் காட்டுவோம் என்று வற்புறுத்துவேன்.

என் துணைவியார் ஒரு நாள் சொன்ன பதிலை இன்றும் மறக்கவில்லை. "ஏங்க, கவாத்து வெட்டுன செடியப் பாத்து செத்துப்போச்சுன்னு யாராச்சும் பிடுங்கிப் போடுவாங்களா? குச்சியாத்தான் நிக்கும். தளிர் வர்ற வரைக்கும் நாமதான் காத்திருக்கணும்."

நான் அசையவில்லை. குரல் உயர்ந்தது, அவர் குரலும் உயர்ந்தது. அடுத்த சுற்றுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அதற்கு அவர், "பேனா உங்க கையில இருக்கு. புள்ள என் மடியில இருக்கான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அன்றைய சட்டம் தந்தையையே பிள்ளையின் காப்பாளராக முன்னிறுத்தியது. அந்தத் துணிவில்தான் அப்படிப் பேசினேன் என்பதை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

வேலிக்கு அப்பால் ஒரு செவி

லயத்து வீட்டில் சுவர் என்பது பெயருக்குத்தான். நாங்கள் முன்னறையில் பேசியதையெல்லாம் மகன் உள்ளறையில் படுத்தபடி கேட்டிருக்கிறான்.

1997 மார்ச் மாதம் ஒரு விடியற்காலை. அவனை எழுப்பப் போன என் துணைவியார் அலறினார். உடல் அனலாய்க் கொதித்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. கூப்பிட்டால் கண் திறந்து மூடினான். தலையணைக்கு அடியில் ஒரு ஈரத் துண்டு இருந்தது. இரவெல்லாம் தானே எழுந்து குளியலறைக்குப் போய்த் துண்டை நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டிருக்கிறான். எங்களை எழுப்பவில்லை.

புற்றுநோய் மருந்து எடுக்கும் பிள்ளைக்கு வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் அன்று. கிருமி இரத்தத்தில் கலந்து, சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடும். காய்ச்சல் கண்டவுடன் மருத்துவமனைக்கு வரவேண்டும் என்று எங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். தோட்டத்து லேண்ட்ரோவரில் தானா ராத்தாவுக்கு ஓடினோம். அங்கே மருந்து ஏற்றிவிட்டு ஆம்புலன்ஸில் கீழே அனுப்பினார்கள். பத்து நாள் உயிருக்குப் போராடினான்.

ஆறாம் நாள் அவன் பேசத் தொடங்கியபோது, கவனித்துக்கொண்ட மிஸ்ஸி அவனிடம், ஏன் அம்மாவை எழுப்பவில்லை என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவன் சொன்ன பதிலை அவர் எங்களை வெளியே அழைத்துச் சொன்னார்.

"காய்ச்சல்னு சொன்னா அப்பாவும் அம்மாவும் சண்ட போடுவாங்க."

அன்பர்களே, நோயின் நிலையை உள்ளபடி சொல்வது நோயாளியின் இயல்பு என்று உரையாசிரியர் சொன்னார் அல்லவா? ஏழு வயதுப் பிள்ளையிடமிருந்து அந்த இயல்பைப் பறித்தவர்கள் நாங்கள். மருந்து இருந்தது, மருத்துவர் இருந்தார். அருகிருந்த நாங்கள்தான் பிளவுபட்டு நின்றோம். நான்கு கூறில் ஒன்று விரிசல் விட்டபோது, அது இன்னொன்றையும் உடைத்துவிட்டது.

மருந்தைப் பற்றி நான் அறியாதவை

அந்தப் பத்து நாளில்தான் முதல்முறையாக டாக்டரிடம் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கியவற்றையும் பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் சுருக்கமாகத் தருகிறேன்.

நுண்ணோக்கியில் நோயணு தென்படாததால் நோய் தீர்ந்துவிட்டது என்பது பொருளன்று. கண்ணுக்கு அகப்படாமல் கோடிக்கணக்கான அணுக்கள் எலும்பு மச்சைக்குள் ஒளிந்திருக்கும். கோரையை மேலே அரிந்துவிட்டுக் கிழங்கை மண்ணுக்குள் விட்ட கதைதான். மருந்தைப் பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். திரும்பி வரும் நோய் முன்னைவிட முரடானது. ஆகவேதான் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மருந்து தருகிறார்கள்.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று. 1947-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், இந்நோய் கண்ட பிள்ளைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட முடிவில், பதினாறு பிள்ளைகளுள் பத்துப் பேருக்கு நோய் தணிந்திருந்தது. ஆனால் சில மாதங்களில் திரும்பிவிட்டது. பல மருந்துகளைச் சேர்த்து நீண்ட காலம் தரவேண்டும் என்ற முறையை 1960-களில் மெம்பிஸ் நகரத்து மருத்துவர் டொனால்ட் பிங்கல் குழுவினர் வகுத்த பிறகே, பாதிப் பிள்ளைகளைப் பிழைக்கவைக்க முடிந்தது. மலேசிய, சிங்கப்பூர் மருத்துவர்கள் 2003-இல் கூட்டாகத் தொடங்கிய மா-ஸ்போர் சிகிச்சை ஆய்வில், பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உயிர் பிழைத்தார்கள்.

ஃபார்பர் பயன்படுத்திய அந்த மருந்தை ஆக்கித் தந்த குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகடா சுப்பாராவ். அமெரிக்காவுக்குப் போகும் முன் அவர் சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராகப் பணியாற்றினார். இன்றும் இந்நோய்க்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இன்னொன்றும் உண்டு. என் மகனுக்கு நரம்பு வழியாக ஏற்றிய வின்கிரிஸ்டின் என்னும் மருந்து எதிலிருந்து எடுக்கப்படுகிறது என்று டாக்டர் ஒரு படத்தைக் காட்டினார். சமவெளிக் கோயில் நந்தவனங்களில் நாம் பார்க்கும் நித்தியகல்யாணிப் பூச்செடிதான் அது! 1960-களின் தொடக்கத்திலிருந்து இந்த மருந்து பயன்பட்டு வருகிறது. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். அளவு சிறிது தவறினாலும் நஞ்சு. ஆகவே யாரும் அந்த இலையை வீட்டில் கஷாயம் வைத்துக் கொடுத்துவிடக் கூடாது. நாட்டு மருந்தா, ஆங்கில மருந்தா என்று நான் போட்ட சண்டைக்கு அந்த ஒரு பூவே விடை சொல்லிவிட்டது. கேட்கவேண்டிய கேள்வி மருந்தின் ஊர் எது என்பதன்று. இத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்தோம், இத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கணக்குக் காட்ட முடிகிறதா என்பதே.

நான் மட்டுமே இப்படிப்பட்ட தந்தை என்று எண்ணவேண்டாம். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4,00,000 பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் காண்கிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். செல்வ நாடுகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகளில் முப்பது பேருக்கும் குறைவு. தாமதமாகக் கண்டுபிடிப்பது, மருந்து கிடைக்காதது என்று சொல்லும் காரணங்களுள், தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதும் ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் சிறார் காப்பாளர் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. 1999-இல் திருத்தப்பட்ட பிறகு, பிள்ளையை வளர்ப்பதில் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமையும் சம அதிகாரமும் உண்டு. பேனா இன்று இருவர் கையிலும் இருக்கிறது. ஒத்துப்போக முடியாத நிலையில் இருவருள் எவரும் நீதிமன்றத்தை அணுகலாம். நீதிமன்றம் பிள்ளையின் நலனையே முதன்மையாக வைத்துப் பார்க்கும். 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது. அவசரச் சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொல்லியும் பெற்றோர் நியாயமின்றி மறுத்தால், சமூக நல இலாகாவின் பாதுகாவல் அதிகாரி அனுமதி வழங்கலாம்.

இந்தியாவிலும் அதே 1999-இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தம் மகன் பெயரில் சேமிப்புப் பத்திரம் வாங்கத் தாமே காப்பாளராகக் கையெழுத்திட்டார். ரிசர்வ் வங்கி தந்தையின் கையெழுத்தைக் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தந்தை இருக்கும்போதும் தக்க சூழ்நிலையில் தாயே இயற்கைக் காப்பாளராக இருக்கலாம் என்று அந்த ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. அது பணத்தைப் பற்றிய வழக்குத்தான். ஆயினும் தாயின் கையெழுத்துக்கு மதிப்பு உண்டா என்னும் கேள்வி, மருத்துவமனை மேசையிலும் அதே கேள்விதான்.

பெற்றோரே எதிரெதிராக நின்ற மருத்துவ வழக்கு ஒன்று 2012-இல் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. ஏழு வயதுப் பையன், மூளையில் கட்டி. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கதிர்வீச்சு வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். பிரிந்து வாழ்ந்த தந்தை இசைந்தார். கதிர்வீச்சு பிள்ளையின் அறிவையும் வளர்ச்சியையும் கெடுத்துவிடும் என்று தாய் அஞ்சினார். அவர் அச்சம் வெறும் கற்பனையன்று. அத்தகைய பின்விளைவுகள் உண்டு என்று மருத்துவர்களும் ஒப்புக்கொண்டவையே. ஒரு கட்டத்தில் தாய் பிள்ளையுடன் சில நாள் மறைந்துவிட, காவல்துறை தேடவேண்டியதாயிற்று. கடைசியில் உயிரைக் காப்பதே முதன்மை என்று கருதி, சிகிச்சைக்கு நீதிபதி அனுமதி தந்தார்.

அந்தத் தாயைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் நானும் ஒரே அச்சத்தைச் சுமந்தவர்கள். நீதிமன்றம் முடிவு சொல்லும். ஆனால் அங்கிருந்து வீடு திரும்பிய பிறகு அதே பிள்ளைக்கு இருவரும்தான் பெற்றோர். ஆகவே வழக்கு என்பது கடைசிக் கதவு. அதற்கு முன்னால் திறக்கவேண்டிய கதவுகள் பல உண்டு.

இருவரும் சரியாக இருக்கும்போது

என் கதையில் துணைவியார் சரி, நான் தவறு. எல்லார் கதையும் அப்படி அமைவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குத் துணையாகப் போகும்படி அறக்கட்டளையினர் என்னைப் பணித்தார்கள். அவர்களுடைய மகளுக்கு நோய் இரண்டாம் முறை திரும்பியிருந்தது. தந்தை வீட்டை விற்றாவது வெளிநாட்டுக்குக் கொண்டுபோவேன் என்றார். தாயோ, "போதும் அண்ணே, என் புள்ள ஊசிக்கே பொறந்தவளா?" என்று அழுதார். தந்தைக்குத் தாய் கைவிட்டவளாகத் தோன்றினார். தாய்க்குத் தந்தை கல்நெஞ்சராகத் தோன்றினார்.

நான் யார் பக்கமும் பேசவில்லை. டாக்டரிடம் மூவரும் சென்று ஒரே கேள்வியைக் கேட்டோம். இனிச் செய்யப்போகும் சிகிச்சை நோயைத் தீர்ப்பதற்கா, நாளை நீட்டுவதற்கா, வலியைக் குறைப்பதற்கா? தீர்ப்பதற்கு வழி இல்லை, சில வாரங்கள் நீளலாம் என்று அவர் சொன்னார். தந்தை இன்னொரு மருத்துவரையும் கேட்க விரும்பினார். அதற்கு ஒரு வாரம் என்று நாள் குறித்தோம், தாய் இசைந்தார். இரண்டாம் மருத்துவரும் அதையே சொன்னார். பிள்ளையிடம் மெல்லக் கேட்டபோது, பாட்டியோடு வீட்டில் படுக்கவேண்டும் என்றாள்.

வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். வலிக்கு மருந்து உண்டு. அதையும் விடாமல் கொடுத்தார்கள். பாட்டியின் பக்கத்திலேயே அவள் கண் மூடினாள்.

அந்தத் தந்தை இன்றும் எப்போதாவது என்னைக் கூப்பிட்டு, வெளிநாடு போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று கேட்பார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் நீதான் தடுத்தாய் என்று அவர் தம் மனைவியை ஒரு நாளும் சொன்னதில்லை. முடிவு இருவருடையதாக இருந்ததனால் துயரமும் இருவருடையதாக இருக்கிறது.

நடைமுறைக்குச் சில வழிகள்

பட்டறிவில் கண்டவற்றை, குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி வரிசைப்படுத்தித் தருகிறேன்.

முதலாவது, இருவரும் ஒன்றாக உட்கார்ந்து டாக்டரிடம் கேளுங்கள். ஒருவர் கேட்டு மற்றவருக்குச் சொல்லும் செய்தி பாதி வழியிலேயே நிறம் மாறிவிடும். வேலையில் ஒரு நாள் விடுப்பு எடுப்பது பெரிய இழப்பன்று. மொழி தடையானால் மலாய் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இந்தச் சிகிச்சையால் என்ன நன்மை? என்ன துன்பம்? செய்யாவிட்டால் என்ன நேரும்? முடிவெடுக்க எத்தனை நாள் பொறுக்கலாம்? இந்த நான்காவது கேள்வி மிக முக்கியம். சில நோய்கள் ஒரு வாரம் காத்திருக்கும். சில ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கமாட்டா. பேசித் தீர்ப்பதற்கும் ஒரு கெடு வைக்கவேண்டும்.

மூன்றாவது, சந்தேகம் இருந்தால் இரண்டாம் மருத்துவரைக் கேளுங்கள். அது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது. ஆனால் நமக்குப் பிடித்த பதில் கிடைக்கும் வரை ஊர் ஊராகத் தேடுவது வேறு. அப்படித் தேடும் நேரம் பிள்ளையின் நேரம்.

நான்காவது, ஒருவர் அச்சத்தை மற்றவர் வாயால் சொல்லிப் பாருங்கள். "நீ எதுக்குப் பயப்படுறேன்னு நான் சொல்றேன், சரியான்னு பாரு" என்று தொடங்குங்கள். நான் இதை 1996-இல் செய்திருந்தால், என் துணைவியார் டாக்டரை நம்பியதற்குக் காரணம் பிடிவாதமன்று, பக்கத்துக் கட்டிலில் மருந்தை நிறுத்திய ஒரு பிள்ளை மீண்டும் வந்து படுத்ததை அவர் கண்ணால் கண்டதே என்று அறிந்திருப்பேன். கேட்காததனால் அவர் சொல்லவில்லை.

ஐந்தாவது, பிள்ளையின் காதில் விழும்படி வழக்காடாதீர்கள். பிள்ளையிடம் எதையும் சொல்லக் கூடாது என்பதன்று இதன் பொருள். வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லுங்கள். அதன் விருப்பத்தையும் கேளுங்கள். மலேசியா 1995-இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமை ஒப்பந்தம், பிள்ளையின் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்க மதிப்புத் தரவேண்டும் என்கிறது. பிள்ளை கேட்கவேண்டியது உண்மையை. தன்னால்தான் வீட்டில் சண்டை என்னும் எண்ணம் மட்டும் அதற்கு வரவே கூடாது.

ஆறாவது, நேர்த்திக்கடனும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கொல்லிமழவன் என்னும் சிற்றரசன் நோயுற்ற தன் மகளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கொண்டுவந்து கிடத்தினான். திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அவள் நோயைத் தீர்த்தார் என்பது பெரியபுராணம். இதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்தவன் நான். அருள் பதிகத்தின் வழியாகவும் வரும், நித்தியகல்யாணியின் சாற்றின் வழியாகவும் வரும். எந்த வழியாக வரவேண்டும் என்று இறைவனுக்கு நான் கட்டளையிட்டேனே, அதுதான் என் பிழை.

நிறைவாக

என் மகன் சிகிச்சையை முழுமையாக முடித்தான். கவாத்து வெட்டிய செடி தளிர்த்தது. இன்று அவன் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்த இரவைப் பற்றி நாங்கள் அவனிடம் பேசியதில்லை, அவனும் கேட்டதில்லை. ஆனால் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவன் மனைவியைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, "நாம ரெண்டு பேரும் என்ன செய்யலாம்?" என்பதுதான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் என் துணைவியாரிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உங்கள மட்டும் குத்தம் சொல்லிக்கிட்டீங்க. அன்னிக்கு நானும்தான் கத்துனேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் புள்ள இருந்தது எனக்கும்தான் தெரியும். அதையும் எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன்.

நோயுற்ற பிள்ளையின் அருகிருப்போர் அனைவருக்கும் அன்பும், தூய்மையும், செய்திறனும், அறிவும் குறைவின்றி வாய்க்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக. இவ்வழியில் துணை தேவைப்படும் குடும்பங்கள் தயங்காமல் அறக்கட்டளையை நாடலாம். கீழே இறங்கும் பயணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வர அடியேன் எப்போதும் ஆயத்தம்.

அறம் வளர்க! அன்பு நிலைக்க!